பழைய கணக்கும் புதிய கெடுவும்

புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடையில் போன வாரம் ஒரு பேச்சு நடந்தது. நடவு வேலை முடித்து வந்த தோழர் ஒருவர் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பழைய வருமான வரிக் கணக்குகளைத் திரும்பத் திறப்பதற்குக் கால வரம்பு, கோர்ட்டுத் தீர்ப்பு, வழக்கு என்று ஒரு பக்கம் முழுக்கச் செய்தி. அதைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: “தோழர், வருமானமே இல்லாதவனுக்கு வருமான வரிச் செய்தி எதற்கு? இது முதலாளிக்கும் சர்க்காருக்கும் உள்ள வழக்கு. நமக்கு இதில் என்ன வந்தது?”

நியாயமான கேள்விதான். ஆனால் இதில் நமக்கு வந்தது நிறைய இருக்கிறது.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். ஒரு மில் முதலாளியோ மொத்த வியாபாரியோ வருஷா வருஷம் கணக்குக் காட்டுகிறார். அதிகாரி பார்த்து, இவ்வளவு வரி என்று முடிவு செய்து ஃபைலைக் கட்டி வைக்கிறார். சில வருஷம் கழித்து, அந்த ஆள் காட்டிய கணக்கு ஒன்று, உள்ளே இருந்த கணக்கு வேறொன்று என்று தெரிய வருகிறது. கட்டி வைத்த ஃபைலை மறுபடி அவிழ்க்கலாமா? எத்தனை வருஷம் வரைக்கும் அவிழ்க்கலாம்? யாருடைய அனுமதி வேண்டும்? காரணம் சொல்ல வேண்டுமா? இதுதான் சட்டத்தின் கேள்வி.

இப்படி ஒரு கெடு இருக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. புவனகிரிப் பட்டு நெசவாளி ஒருவர் மனைவியின் சங்கிலியை விற்று, அந்தப் பணத்தை பாங்கியில் போட்டு, தறிக்கு முதல் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வருஷம் கழித்து ஒரு நோட்டீசு வந்து, “அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ரசீது எங்கே?” என்று கேட்டால் அவர் எங்கே போவார்? நகை வாங்கியவர் செத்துப் போயிருப்பார். ரசீது கரையானுக்குப் போயிருக்கும். எத்தனை காலம் ஆனாலும் எந்த ஃபைலையும் அவிழ்க்கலாம் என்ற அதிகாரத்தை ஒரு அதிகாரியிடம் கொடுத்தால் அது முதலில் விழுவது பெரிய முதலாளியின் தலையில் அல்ல. வக்கீல் வைக்க வழியில்லாத சின்ன மனிதனின் தலையில்தான். ஆகவே கெடு வேண்டும். யாருக்கு எவ்வளவு கெடு என்பதில்தான் சண்டை.

இந்தச் சண்டையின் பழைய கதை நம் தமிழ்நாட்டு மில்களோடு பின்னிக் கிடக்கிறது. மில் தொழிலாளித் தோழர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது உலக யுத்தம் 1939இல் தொடங்கியது. துணிக்கும் நூலுக்கும் பஞ்சம் வந்தது. 1943இல் சர்க்கார் நூல், துணிக் கட்டுப்பாட்டு உத்தரவே போட வேண்டியதாயிற்று. கைத்தறி நெசவாளி நூலுக்கு அலைந்தான். நூல் கிடைத்தவன் கள்ள விலைக்கு விற்றான். யுத்த லாபத்துக்கு என்று 1940இல் தனி வரி போட்டார்கள். அந்த வரிக்குத் தப்புவதற்காகவே இரட்டைக் கணக்குகள் பெருகின. லாபம் மலையாகக் குவிந்தது. கணக்கிலே மேடுகூடத் தெரியவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு, 1947 பிப்ரவரி பட்ஜெட்டில், அப்போதைய நிதி மந்திரி லியாகத் அலி கான் ஒரு விசாரணைக் கமிஷனை அறிவித்தார். அதே வருஷம் 30ஆம் நம்பர் சட்டமாக வருமான வரி விசாரணைக் கமிஷன் சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணத்து நீதிபதியாக இருந்த சர் சீனிவாச வரதாச்சாரியார் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். பெரிய அளவில் வரி ஏய்த்ததாகச் சர்க்கார் கருதும் ஆட்களின் பெயர்களைக் கமிஷனுக்கு அனுப்பலாம். கமிஷன் பழைய வருஷங்களின் கணக்கையெல்லாம் தோண்டலாம். சாதாரணச் சட்டத்தின் கெடு அங்கே குறுக்கே நிற்காது. கமிஷன் உண்மை என்று கண்டதே முடிவு. சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும் ஹைகோர்ட்டுக்குப் போகலாம்.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1950இல் அரசியல் சாசனம் வந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று 14ஆவது ஷரத்து சொன்னது. முதலாளிகளின் வக்கீல்கள் அந்த ஷரத்தை எடுத்துக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 1954 மே மாதம் சூரஜ்மல் மோதா வழக்கில் கமிஷன் சட்டத்தின் ஒரு பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது. உடனே சர்க்கார் ஜூலையில் சாதாரண வருமான வரிச் சட்டத்திலேயே ஒரு புது உட்பிரிவைச் சேர்த்தது: 1939 செப்டம்பர் முதல் 1946 மார்ச் வரையிலான காலத்தில் லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் தப்பிய வருமானம் இருந்தால், 1956 மார்ச் 31 வரை நோட்டீசு கொடுக்கலாம் என்று.

அந்த ஒட்டுப் போட்டதே கமிஷனுக்கு எமனாக வந்தது. மதுரை ஸ்ரீ மீனாட்சி மில் கமிஷனை எதிர்த்து வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பில் கமிஷனைச் சேர்ந்த ஏ.வி.விசுவநாத சாஸ்திரி. 1954 அக்டோபர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது என்னவென்றால்: ஒரே வகையான வரி ஏய்ப்பாளர்களை இரண்டு வழியிலும் பிடிக்கலாம் என்று ஆகிவிட்டது. ஒரு வழியில் அப்பீல் உண்டு. மறு வழியான கமிஷன் கடுமையானது. யாரை எந்த வழியில் அனுப்புவது என்பது சர்க்காரின் இஷ்டம். இது பாரபட்சம். ஆகவே கமிஷனுக்கு அனுப்பும் அதிகாரம் செல்லாது.

யுத்த காலக் கள்ள லாபத்தைத் தோண்ட வந்த கமிஷன் இப்படித்தான் முடமானது. 1958இல் பஷேஷர்நாத் வழக்கில், வரியைத் தவணையில் கட்டுகிறேன் என்று கமிஷனிடம் ஒப்புக்கொண்டு ராஜி செய்துகொண்ட ஆளுக்குக்கூட அந்த ராஜி செல்லாது என்று ஆயிற்று; அடிப்படை உரிமையை எவனும் விட்டுக்கொடுக்க முடியாது என்று காரணம் சொன்னார்கள்.

கோர்ட்டை வைது ஒரு பத்தி எழுதிவிட்டால் நமக்குச் சுலபம். ஆனால் உண்மையைப் பாதி சொல்லக் கூடாது. இந்தத் தீர்ப்புகளுக்கெல்லாம் முன்னோடியாக 1952இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கு என்று ஒன்று இருந்தது. கல்கத்தா பக்கம் டம்டம்மில் ஜெஸ்ஸாப் ஃபாக்டரித் தாக்குதல் வழக்கில் ஐம்பது பேரை மேற்கு வங்க சர்க்கார் தன் இஷ்டப்படி ஒரு ஸ்பெஷல் கோர்ட்டுக்கு அனுப்பித் தண்டித்தது. இஷ்டப்படி பொறுக்கி எடுத்துக் கடுமையான கோர்ட்டுக்கு அனுப்புவது சமத்துவத்துக்கு விரோதம் என்று அப்போது சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அந்தத் தீர்ப்பை வரவேற்றவர்கள் மோதாவின் தீர்ப்பில் இருந்த தத்துவத்தை மட்டும் தப்பு என்று எப்படிச் சொல்வது? கூண்டில் நிற்கிற ஏழைக்குக் கிடைத்த குடையின் கீழ் மில் முதலாளியும் வந்து ஒதுங்கிக்கொண்டார். குடையைக் கிழிப்பது வழியல்ல. சர்க்கார் ஒழுங்காகச் சட்டம் செய்து, எல்லா ஏய்ப்பாளருக்கும் ஒரே வழியை வகுத்து, அந்த வழியில் வேகமாக நடந்திருந்தால் எவனும் ஒதுங்கியிருக்க முடியாது. என் அபிப்பிராயம் இதுதான்: கமிஷன் தோற்றதற்குக் கோர்ட்டைவிட சட்டம் எழுதியவர்களின் அவசரமும் அலட்சியமுமே அதிகக் காரணம்.

மேலும், சாதாரண வழியிலேயே திருட்டுக் கணக்கைப் பிடிக்க முடியும் என்பதற்கு அதே மதுரை மில்லே சாட்சி. 1956இல் இன்னொரு மீனாட்சி மில் வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் தீர்ந்தது. மில் நூலை நடுவில் இருந்த சில கம்பெனிகளுக்கு விற்றதாகக் கணக்கு. அந்த நாளில் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவின் வருமான வரி அங்கே எட்டாது. நடுவில் நின்ற கம்பெனிகள் வெறும் பினாமிகள், அவற்றின் லாபம் மில்லின் லாபமே என்று வரித் தீர்ப்பாயம் கண்டது. மில் போட்ட அப்பீலை சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. கமிஷனும் இல்லை, ஸ்பெஷல் சட்டமும் இல்லை. கணக்குப் புத்தகத்தை உட்கார்ந்து படித்த அதிகாரிகள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இனி இன்றைய கதைக்கு வருவோம்.

1961 வருமான வரிச் சட்டம் ஒரு நல்ல வேறுபாட்டைக் கடைப்பிடித்தது. எல்லா விவரத்தையும் முழுமையாகவும் உண்மையாகவும் சொன்ன ஆளின் ஃபைலை அவிழ்க்க நாலு வருஷம்தான் கெடு. மறைத்தவனுக்கு எட்டு வருஷம். தப்பிய வருமானம் ஐம்பதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் பதினாறு வருஷம். பிறகு 1989 முதல் மேல் வரம்பு பத்து வருஷமாகியது. 2001இல் ஆறு வருஷமாகியது. ஆனாலும் சொன்னவன் வேறு, மறைத்தவன் வேறு என்ற கோடு மட்டும் இருந்தது. கால்குட்டா டிஸ்கவுண்ட் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்தக் கோட்டை விளக்கியது: அடிப்படை விவரங்களைச் சொல்லிவிட வேண்டியது வரி கட்டுபவனின் கடமை, அதிலிருந்து என்ன முடிவுக்கு வருவது என்பது அதிகாரியின் வேலை. 2010இல் கெல்வினேட்டர் வழக்கில், அதிகாரிக்கு மனசு மாறிவிட்டது என்பதற்காக மட்டும் பழைய ஃபைலை அவிழ்க்கக் கூடாது என்றும் சொன்னது. இதெல்லாம் சரியான கட்டுப்பாடுகள். நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

2021இல் மத்திய சர்க்கார் இந்த முறையை மாற்றியது. சாதாரணமாக மூன்று வருஷம். தப்பிய வருமானம் ஐம்பது லட்சமோ மேலோ என்றால் பத்து வருஷம். நோட்டீசு கொடுக்கும் முன்பே ஆளைக் கூப்பிட்டு, இன்ன தகவல் இருக்கிறது என்று சொல்லி, பதில் கேட்க வேண்டும் என்ற நல்ல விதியும் வந்தது. ஆனால் சொன்னவன், மறைத்தவன் என்ற பழைய கோடு போய்விட்டது. தொகை மட்டுமே அளவுகோல்.

அந்த மாற்றத்தையாவது சுத்தமாகச் செய்தார்களா? அதுவும் இல்லை. புதுச் சட்டம் 2021 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த பிறகும், கொரோனா காலச் சலுகையைக் காட்டி, ஜூன் முடிய பழைய சட்டப்படியே சுமார் தொண்ணூறாயிரம் நோட்டீசுகளை அனுப்பினார்கள். நாடு முழுக்க ஹைகோர்ட்டுகளில் ஒன்பதாயிரத்துக்கு மேல் வழக்கு. பல ஹைகோர்ட்டுகள் நோட்டீசுகளை ரத்து செய்தன. 2022 மே 4ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தன் விசேஷ அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவற்றைப் புதுச் சட்டப்படியான முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் காப்பாற்றியது. அதிலும் கெடு எப்படி எண்ணுவது என்று மறுபடி வழக்கு. 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் அதற்கு ஒரு தீர்ப்பு வந்தது. மூன்று வருஷம் தேதி எண்ணுவதிலேயே போயிற்று. உள்ளே ஒளித்து வைத்த பணம் எவ்வளவு என்ற கேள்வியை யாரும் தொடவே இல்லை.

இதற்கிடையில் 2024 பட்ஜெட்டில் பத்து வருஷத்தையும் வெட்டிவிட்டார்கள். 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து சாதாரணக் கெடு மூன்று வருஷம் மூன்று மாதம். ஐம்பது லட்சமோ மேலோ ஒளித்தவனுக்கு ஐந்து வருஷம் மூன்று மாதம். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையே ஒருவன் ஒரு கோடி ரூபாயை மறைத்தான். 2021 சட்டப்படி அந்தக் கணக்கை 2031 மார்ச் வரை திறந்திருக்கலாம். புதுக் கெடுப்படி 2026 ஜூன் 30ஆம் தேதியோடு சரி. நாலே முக்கால் வருஷம் ஒரு பேனா கோட்டில் தள்ளுபடி! வெளிநாட்டில் ஒளித்த சொத்துக்கு 2015இன் தனிச் சட்டம் இருக்கிறது. உள்ளூரில் ஒளித்தவனுக்கோ காலம் துணை நிற்கிறது.

தொழில் செய்பவர்களுக்கு நிச்சயம் வேண்டும், வழக்குகள் குறைய வேண்டும் என்று நிதி மந்திரி காரணம் சொன்னார். நிச்சயம் நல்ல பொருள்தான். நமக்கும் கொஞ்சம் கிடைக்குமா என்று பார்ப்போம்.

டீக்கடைத் தோழரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. தீப்பெட்டி வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் நாம் கட்டும் வரி கடையிலேயே கழிந்துவிடுகிறது. நம் ஃபைலை யாரும் திரும்பத் திறப்பதில்லை, ஏனென்றால் நம்மிடமிருந்து ஒரு பைசாகூடத் தப்புவதில்லை. வரி தப்புகிற இடம் மேலே. தப்பிய பள்ளத்தை நிரப்புகிற இடம் கீழே. அந்தக் காலத்தில் நிலத்தீர்வை பாக்கி என்றால் 1864 வருவாய் வசூல் சட்டத்தைக் காட்டி, மாட்டையும் பாத்திரத்தையும் ஜப்தி செய்வார்கள் என்று நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தச் சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது.

உழைப்பவன் பாக்கி கேட்கப் போனால் கெடு எப்படி இருந்தது? குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி, கூலியில் பிடித்தம் வைத்த ஆள் மேல் மனுப் போட ஆறே மாதம். சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி ஒரு வருஷம். விதைப்பில் குறைந்த கூலிக்கு அறுப்பு முடிந்த பிறகு கேட்டால், “காலம் கடந்துவிட்டது” என்று திருப்பி அனுப்பலாம். 2025 நவம்பர் 21ஆம் தேதி அமலுக்கு வந்த கூலித் தொகுப்புச் சட்டத்தில் இது மூன்று வருஷமாகியிருக்கிறது. நல்லதை நல்லது என்று சொல்கிறோம். ஆனால் அதே நாளில் வந்த தொழிலுறவுத் தொகுப்பு, வேலை நீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி வழக்குக்குப் போகும் மூன்று வருஷக் கெடுவை இரண்டாகக் குறைத்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிராவிடண்ட் ஃபண்டு. 1952 சட்டத்தில், முதலாளி கட்டாமல் விட்ட பாக்கியை விசாரித்து நிர்ணயிக்கக் கெடு எதுவும் வைக்கவில்லை. எத்தனை வருஷத்துப் பாக்கியானாலும் அதிகாரி விசாரிக்கலாம் என்று கோர்ட்டுகளும் சொல்லி வந்தன. தொழிலாளியின் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்ட முதலாளிக்குக் காலம் துணை நிற்கவில்லை, அது நியாயம். இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட பாக்கிக்கு விசாரணையைத் தொடங்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். காண்ட்ராக்டு மாறி மாறி வேலை செய்கிற பையனுக்கு, தன் சம்பளத்தில் பிடித்த பணம் கட்டப்படவில்லை என்பதே ஆறாவது வருஷம்தான் தெரிய வருகிறது. அவன் என்ன செய்வான்?

வரி மறைத்தவனுக்கு ஐந்து வருஷத்தில் விடுதலை, பி.எஃப். மறைத்தவனுக்கும் ஐந்து வருஷத்தில் விடுதலை. இரண்டு கெடுவிலும் லாபம் அடைகிற கை ஒரே கை.

நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. காரணம் சொல்லி, ஆளைக் கேட்டு, மேலதிகாரி அனுமதியோடு மட்டுமே பழைய ஃபைலைத் திறக்க வேண்டும் என்ற காப்பு எல்லோருக்கும் இருக்கட்டும்; முதலாளிக்கும் இருக்கட்டும். உள்ளதைச் சொன்னவனுக்குக் குறுகிய கெடு இருக்கட்டும். ஆனால் மறைத்தவனுக்குக் கடிகாரம், மறைத்த நாளிலிருந்து ஓடக் கூடாது. பிடிபட்ட நாளிலிருந்துதான் ஓட வேண்டும். பி.எஃப். விஷயத்திலும் அதே விதி வேண்டும். திருடன் பரணில் ஒளிந்திருந்த நேரத்தையெல்லாம் அவன் கணக்கில் வரவு வைப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு விஷயம். கூலிக்காரர் பெயரில் கோடி ரூபாய்க்கு நோட்டீசு வந்தது என்று அடிக்கடி பத்திரிகையில் பார்க்கிறோம். கடன் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று யாரோ ஆதார், பான் கார்டு நகல்களை வாங்கிப் போய், அந்தப் பெயரில் ஒரு கம்பெனியைக் காட்டி வியாபாரம் செய்துவிடுகிறான். நூலுக்குப் புதுக்கோட்டையில் பினாமி வைத்த காலம் போய், கூலிக்காரனையே பினாமியாக்குகிற காலம் வந்திருக்கிறது. அப்படி ஒரு கடிதம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். புரியவில்லை என்று அடுக்குப் பானைக்குள் வைத்துவிடாதீர்கள். பதில் சொல்ல நோட்டீசிலேயே ஒரு நாள் குறித்திருப்பார்கள். அந்த நாளைக் கடத்தினால் உங்கள் மேல் ஒருதலையாகத் தீர்ந்துவிடும். கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். கோர்ட்டில் இயங்கும் சட்டப் பணிகள் குழுவுக்கும் போகலாம். 1987 சட்டப்படி தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளிகளுக்கும் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும்.

இதையெல்லாம் அந்த டீக்கடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். தோழர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தன் மகன் ஒரு காண்ட்ராக்டரிடம் ஆறு வருஷமாக வேலை செய்கிறான், மாதா மாதம் பி.எஃப். என்று பிடிக்கிறார்கள், இன்று வரை ஒரு சீட்டும் கையில் வரவில்லை என்றார். மகனுடைய சம்பளச் சீட்டுகள் வீட்டில் தகரப் பெட்டியில் கிடக்கின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை காலை அவற்றை எடுத்துக்கொண்டு மகனோடு சங்க ஆபீசுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.